எது முதல்நூல்? எல்டர் ஸ்க்ரோல்ஸ் விளையாட்டுகளும் அவற்றின் பழைய ரசிகர்களும்

தமிழ் இலக்கணம் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்துகிறது. இவற்றுள் வழிநூலுக்கு நன்னூலார் கூறும் இலக்கணம் நுட்பமானது. முன்னோர் நூலின் முடிபோடு வழிநூல் முழுதும் ஒத்திருக்க வேண்டும். பின்வந்தவன் தான் விரும்பும் வேறுபாடுகளைச் செய்துகொள்ளலாம். மரபு மட்டும் அழிதல் கூடாது. கேட்பதற்குத் தெளிவாகத் தோன்றும் இவ்விதிக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. எது முடிபு, எது வேறுபாடு என்று பிரித்துச் சொல்லும் உரிமை யாருக்கு? முதலாசிரியனுக்கா, பின்வந்தவனுக்கா, முதல்நூலில் பல்லாண்டு ஊறித் திளைத்த வாசகனுக்கா?

இக்கேள்வி கடந்த முப்பது ஆண்டுகளில் மிக உரக்க விவாதிக்கப்பட்ட இடம் இலக்கியத் துறை அன்று, கணினி விளையாட்டு. குறிப்பாக, ரோல் பிளேயிங் கேம் எனப்படும் பாத்திரமேற்பு விளையாட்டுகள். இவ்வகை விளையாட்டில் ஆடுபவர் தமக்கென ஒரு மாந்தரைப் படைத்துக்கொண்டு ஒரு கற்பனை உலகினுள் நுழைகிறார். வாள்வீச்சு, பூட்டுத் திறத்தல், பேச்சு வன்மை எனத் திறன்கள் எண்களாகக் குறிக்கப்படும். மாந்தர் வளர வளர எண்களும் வளரும். ஒருவரோடு உரையாடுவதும், பகைப்பதும், ஊரைக் காப்பதும் கைவிடுவதும் ஆடுபவர் விருப்பம். ஒரு விளையாட்டு நூறு மணிநேரத்துக்கு மேல் நீள்வதுண்டு. அத்தனை மணிநேரம் ஓர் உலகில் வாழ்ந்தவர், அதன் அடுத்த பாகம் வெளிவரும்போது ஊர் திரும்பியவரின் கண்களோடுதான் அதைப் பார்ப்பார். தெரு இருக்கிறதா, மரம் இருக்கிறதா, பழைய பெயர்கள் இருக்கின்றனவா என்று தேடுவார்.

பழைய ரசிகர்களின் தீர்ப்பை வெறும் பழமைப் பற்று என்று தள்ளிவிடுவது வழக்கம். வாடிக்கையாளர் சொல்லே இறுதிச் சொல் என்று தலைமேல் வைத்துக்கொள்வாரும் உண்டு. இரண்டும் வரலாற்றுக்குப் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரை சொல்ல விழைவது. பெதஸ்டா நிறுவனத்தின் எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையையும், அது விலைக்கு வாங்கிய ஃபால்அவுட் வரிசையையும் எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம்.

1

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் முதல் விளையாட்டு அரீனா, 1994இல் வெளிவந்தது. விஜய் லக்ஷ்மண், டெட் பீட்டர்சன், ஜூலியன் லெஃபே ஆகியோர் அதன் முதன்மைப் படைப்பாளிகள். மற்போர்க் களங்களில் ஊர் ஊராகச் சென்று மோதும் வீரர் குழுவைப் பற்றிய விளையாட்டாகத்தான் அது தொடங்கியது. செய்து முடிக்கும்போது களம் மறைந்து, தமிரியேல் என்னும் பரந்த கண்டம் மட்டும் எஞ்சியது. பழைய திட்டத்தின் நினைவாகப் பெயர் நின்றுவிட்டது. முதல் பாகமே தன் சொந்த மூலத்திலிருந்து விலகிப் பிறந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது டாகர்ஃபால், 1996. இதன் நிலப்பரப்பைப் பெரும்பாலும் கணினி நிரலே விதிகளின்படி உருவாக்கியது. ஊர்கள், கோவில்கள், சுரங்கங்கள் எனப் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள். அதில் வங்கியில் கடன் வாங்கலாம், வீடும் கப்பலும் வாங்கலாம், குதிரையில் போகலாம், சுவரேறலாம், குற்றம் செய்து பிடிபட்டால் நீதிமன்றத்தில் வாதாடலாம். கூடவே எண்ணற்ற நிரல் பிழைகளும் இருந்தன. சுரங்கச் சுவரின் ஊடே நழுவி முடிவற்ற வெறுமையில் விழுந்த அனுபவம் அக்காலத்து ஆட்டக்காரர் பலருக்கும் பொது.

அடுத்து வந்த இரு கிளை விளையாட்டுகள், 1997இன் பேட்டில்ஸ்பயரும் 1998இன் ரெட்கார்டும், எதிர்பார்த்தபடி விற்கவில்லை. நிறுவனம் தள்ளாடியது. டாட் ஹவர்ட் தலைமையில் 2002இல் மாரோவிண்ட் வெளிவந்தபோது அதன் வெற்றி நிறுவனத்தின் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. டாகர்ஃபாலோடு ஒப்பிட்டால் மாரோவிண்டின் நிலம் ஒரு கையளவு. எரிமலை நடுவில் நிற்கும் ஒரே தீவு. ஆனால் ஒவ்வொரு பாறையும் ஒவ்வொரு கோப்பையும் மனிதக் கையால் வைக்கப்பட்டவை. காளான்கள் மரமாய் ஓங்கி நிற்கும் அந்நிலத்தில், குடைந்த ஓட்டினுள் பயணிகளை ஏற்றிச் செல்லும் பேருருப் பூச்சிகளே பொதுப் போக்குவரத்து.

டாகர்ஃபால் ரசிகர்களில் ஒரு சாரார் இதை ஏற்கவில்லை. வங்கி எங்கே, குதிரை எங்கே, சுவரேறுவது எங்கே என்று கேட்டனர். ஒரு கண்டத்தில் திரிந்தவர்களை ஒரு தீவில் அடைத்துவிட்டார்கள் என்பது அவர்கள் குறை. நான்கு ஆண்டுகள் கழிந்து, 2006 மார்ச்சில் ஆப்லிவியன் வந்தது. இப்போது குறை சொல்லும் முறை மாரோவிண்ட் ரசிகர்களுடையது. 2011 நவம்பரில் ஸ்கைரிம் வந்தது. ஆப்லிவியன் ரசிகர்கள் அதே இருக்கையில் வந்தமர்ந்தனர்.

2

ஆப்லிவியன் மீது மாரோவிண்ட் ரசிகர்கள் வைத்த குற்றச்சாட்டுகளை வரிசைப்படுத்தினால் முதலிடம் பெறுபவை மூன்று: வழிகாட்டும் அம்புக்குறி, விரைவுப் பயணம், உடன்வளரும் உலகம்.

மாரோவிண்டில் ஒரு வேலையை ஏற்றால் வழியை வாய்மொழியாகத்தான் சொல்வார்கள். ஊருக்குத் தெற்கே போ, பாலத்தைக் கடந்து இடப்பக்கம் திரும்பு, இரு பாறைகளுக்கு நடுவே குகை வாசல் தெரியும் என்பது போல. சில வேளை சொன்ன வழி தவறாகவும் இருக்கும். ஆப்லிவியனில் திரையின் அடியில் ஒரு திசைகாட்டி. அதில் ஓர் அம்புக்குறி. அதைப் பின்தொடர்ந்தால் போதும். நிலத்தைப் படித்தவர்கள் இப்போது குறியைப் படிக்கிறார்கள் என்பது ரசிகர்களின் வருத்தம். இக்குற்றச்சாட்டு நியாயமானதே. அம்புக்குறி இருக்கிறது என்று தெரிந்தபின், உரையாடலை எழுதுபவருக்கு வழியை விவரிக்க வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது. ஆகவே குறியை அணைத்துவிட்டு ஆடு என்று பதில் சொல்வதில் பொருளில்லை. குறியை அணைத்தால் வழி சொல்ல அங்கே எவரும் இல்லை.

விரைவுப் பயணம் பற்றிய குற்றச்சாட்டு வேறு மாதிரியானது. வரைபடத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தவுடன் அங்கே போய்ச் சேர்ந்துவிடும் இவ்வசதி எல்டர் ஸ்க்ரோல்ஸ் மரபுக்கே துரோகம் என்றனர் பலர். ஆனால் டாகர்ஃபாலில் இவ்வசதி இருந்தது. எச்சரிக்கையாகப் போவதா விரைந்து போவதா, சத்திரத்தில் தங்குவதா வெட்டவெளியிலா என்று தேர்ந்துகொண்டு வரைபடம் வழியாகவே அவ்வளவு பெரிய நிலத்தைக் கடந்தனர். அதை நீக்கியது மாரோவிண்ட், ஆப்லிவியன் மீட்டுத்தந்தது. அதாவது, மரபு என்று இவர்கள் சுட்டியது மரபிலிருந்து மாரோவிண்ட் விலகிய இடத்தை.

உடன்வளரும் உலகம் பற்றியது இன்னும் சுவையானது. ஆப்லிவியனில் ஆடுபவரின் நிலை உயர உயரப் பகைவரும் உயர்வர். தொடக்கத்தில் கந்தல் அணிந்து வழிமறித்த கொள்ளையன், பிற்பாடு ஓர் ஊரையே விலைக்கு வாங்கக்கூடிய கண்ணாடிக் கவசம் பூண்டு நின்று அதே நூறு பொன் கேட்பான். வளர்ச்சி என்பதற்கே பொருளில்லாமல் போகிறது. இந்த எள்ளல் உலகெங்கும் பரவியது. ஆனால் ஆடுபவரின் நிலைக்கேற்பப் பகைவரை அமைக்கும் முறையும் டாகர்ஃபாலில் இருந்ததுதான். அங்கே அது உறுத்தவில்லை. பல்லாயிரம் இடங்களில் ஒன்றுக்கு மறுமுறை போவது அரிது. போன இடத்தில் முன்பு யார் இருந்தார் என்ற நினைவும் இராது. ஆப்லிவியனில் சாலைக்கு ஒரு முகம் உண்டு. கொள்ளையனுக்குக் குரல் உண்டு. ஆகவே பொய் தெரிந்துவிட்டது.

இந்த மூன்றும் சேர்ந்து காட்டுவது என்ன? பழைய ரசிகர்கள் வரலாற்றைப் பிழையாகச் சொல்கிறார்கள். ஆனால் வலிக்கும் இடத்தைச் சரியாகத் தொடுகிறார்கள். முன்பு இப்படி இருந்ததில்லை என்ற அவர்களது வாதம் பலமுறை பொய்க்கிறது. இங்கே ஏதோ கெட்டிருக்கிறது என்ற உணர்வு பெரும்பாலும் பொய்ப்பதில்லை. உடன்வளரும் உலகத்தை முதலில் திருத்தியவர்கள் ரசிகர்களே. விளையாட்டு வெளிவந்த ஆண்டிலேயே பகைவர் நிலைகளை மறுசீரமைக்கும் மாற்றத் தொகுப்புகளைத் தாமே எழுதிப் பகிர்ந்துகொண்டனர். 2008இன் ஃபால்அவுட் 3இலும் 2011இன் ஸ்கைரிமிலும் நிறுவனமும் அம்முறையைத் தளர்த்தி, இடத்துக்கு இடம் கீழெல்லையும் மேலெல்லையும் வகுத்தது. நோயாளி தன் நோயின் வரலாற்றைத் தவறாகச் சொன்னாலும் வலியைத் தவறாகச் சொல்வதில்லை. மருத்துவர் இரண்டையும் பிரித்துக் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

3

பழைய ரசிகர்கள் விரும்பி எடுத்துக்காட்டும் எண் வரிசை ஒன்று உண்டு. டாகர்ஃபாலில் திறன்கள் 35, மாரோவிண்டில் 27, ஆப்லிவியனில் 21, ஸ்கைரிமில் 18. ஆழம் குறைந்துகொண்டே வருவதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பார்கள். ஆனால் இவ்வரிசை இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்குகிறது. முதல் பாகமான அரீனாவில் இத்தகைய திறன் பட்டியலே கிடையாது. பயன்படுத்தப் பயன்படுத்தத் திறன் வளரும் முறையைக் கொண்டுவந்ததே டாகர்ஃபால்தான். மேலும், டாகர்ஃபாலின் 35இல் ஒன்பது, அரக்கர் மொழி, பூத மொழி போன்ற மொழித்திறன்கள். அவற்றைக் கற்றுப் பெரும்பயன் கண்டவர் குறைவு. அவை போனதால் வந்த இழப்பும் குறைவு.

எண்ணால் அளக்க முடியாத இழப்பு வேறொன்று. மந்திரங்களைத் தாமே இயற்றும் வசதி முதலிலிருந்தே இவ்வரிசையின் அடையாளம். நெருப்பையும் குளிரையும் கலக்கலாம். ஒரே தாவலில் மலையைக் கடக்க ஒரு மந்திரம் செய்து, இறங்கும்போது உயிர் பிழைக்க இன்னொன்று செய்துகொள்ளலாம். ஸ்கைரிமில் அது நீங்கியது. வலிமை, அறிவு, வேகம் என வந்த எட்டுப் பண்புகளும் அத்தோடு நீங்கின. பண்புகள் போனதற்கு அழுதவர் உண்டு. அவற்றின் வேலையை வேறு அமைப்புகள் ஏற்றுக்கொண்டன. மந்திரம் இயற்றுதல் போன இடத்தில் எதுவும் வரவில்லை. பட்டியலில் ஒரே ஒரு வரியாக நிற்கும் இது, விளையாட்டின் விதிகளை ஆடுபவர் தாமே வளைத்துப் பார்க்கும் சுதந்திரம். சொல்லின் தொகையை எண்ணி ஒரு கவிஞனை அளக்க முடியாதது போலவே, திறன்களின் தொகையை எண்ணி ஒரு விளையாட்டையும் அளக்க முடியாது.

4

ஃபால்அவுட் வரிசையின் கதை இதைவிடக் கடுமையானது. அணுப்போருக்குப் பிந்தைய அமெரிக்காவைப் பற்றிய இவ்விளையாட்டை, டிம் கெய்ன் முதலியோர் இன்டர்ப்ளே நிறுவனத்தில் 1997இல் உருவாக்கினர். அடுத்த ஆண்டே இரண்டாம் பாகம். பிறகு நிறுவனம் நொடித்தது. மூன்றாம் பாகத்தை உருவாக்கிக்கொண்டிருந்த பிளாக் ஐல் என்னும் பிரிவு 2003 டிசம்பரில் மூடப்பட்டது. பெதஸ்டா 2004இல் உரிமம் பெற்று, 2007இல் 57.5 லட்சம் டாலருக்கு ஃபால்அவுட்டையே வாங்கிவிட்டது. 2008இல் ஃபால்அவுட் 3 வெளிவந்தது.

பழைய இரண்டும் சாய்கோணத்தில் மேலிருந்து பார்க்கும் விளையாட்டுகள். சண்டை சதுரங்கம் போல முறைவைத்து நடக்கும். புதியது மாந்தரின் கண்வழியே பார்ப்பது. சுடுவதும் ஓடுவதும் உடனுக்குடன். துப்பாக்கி ஏந்திய ஆப்லிவியன் என்று பழைய ரசிகர்கள் ஏளனம் செய்தனர். பார்வைக் கோணமும் முறைச் சண்டையும் இல்லாதது ஃபால்அவுட்டே அன்று என்பது அவர்கள் வாதம். விமர்சகர்கள் கொண்டாடினர், விற்பனையும் பெருகியது, பழையவர்கள் மட்டும் அசையவில்லை.

2010இல் அதே கருவியைக் கொண்டு, அதே கண்வழிப் பார்வையில், அதே உடனடிச் சண்டையோடு ஃபால்அவுட்: நியூ வேகாஸ் வந்தது. செய்தது அப்சிடியன் நிறுவனம். முந்தைய பிளாக் ஐலைச் சேர்ந்த சிலர் அதில் இருந்தனர். பழைய ரசிகர்களில் பெரும்பகுதியினர் இதை ஃபால்அவுட் என்று ஏற்றுக்கொண்டனர். பார்வைக் கோணமே முடிபு என்று சொன்னவர்கள் கோணம் மாறாத ஒன்றை எப்படி ஏற்றனர்?

விடை விளையாட்டுகளின் உள்ளேயே இருக்கிறது. 1997இன் விளையாட்டில் இறுதிப் பகைவனை வாளோ துப்பாக்கியோ இன்றி வெல்லலாம். மனித குலத்தை மாற்றுருவினராக ஆக்கினால் போர் ஒழியும் என்று நம்புபவன் அவன். அவ்வுருவினர்க்குப் பிள்ளைப்பேறு இல்லை என்ற ஆய்வுச் சான்றைத் தேடிக் கண்டு, அவன்முன் வைத்து வாதிட்டால், தன் கனவு பொய்த்ததை உணர்ந்து தானே அழிவான். வாதத்தில் வெல்ல முன்னதாகவே உலகைக் கூர்ந்து படித்திருக்க வேண்டும். ஃபால்அவுட் 3இலும் எதிரியைப் பேசித் தற்கொலைக்குத் தூண்டலாம். பேச்சுத்திறன் அங்கே விழுக்காட்டுக் கணக்கு, ஏறக்குறையத் தாயக்கட்டை. நியூ வேகாஸில் பேச்சுக்கு இன்ன அளவு திறன் வேண்டும் என்ற வரையறை உண்டு. அதைத் தாண்டியவர் இறுதிப் படைத்தலைவனிடம், இந்நிலத்தை வென்றாலும் தக்கவைக்க உன்னால் இயலாது என்று எடுத்துரைத்துத் திருப்பி அனுப்பலாம். ரசிகர்கள் கோணம் என்ற சொல்லால் குறித்தது இந்தக் குணத்தைத்தான். தாம் இழந்ததற்குப் பெயர் தெரியாதபோது, கண்ணுக்குத் தெரிந்த மாற்றத்தின் பெயரை அதற்குச் சூட்டிவிட்டனர்.

ஃபால்அவுட் 3இன் முடிவு இதற்கு இன்னொரு சான்று. கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் ஒருவர் சென்று உயிர்துறக்க வேண்டும். ஆடுபவருக்குத் துணையாக நிற்கும் ஃபாக்ஸ் என்னும் மாற்றுருவினனுக்குக் கதிர்வீச்சால் தீங்கில்லை. முன்பு ஒருமுறை அத்தகைய அறைக்குள் போய் வந்தவனும் கூட. இப்போது அவனை அழைத்தால், இது உன் விதி என்று சொல்லி மறுத்துவிடுவான். இதைப் பழைய ரசிகர், புதிய ரசிகர் என்ற பேதமின்றி எல்லோரும் நகைத்தனர். 2009இல் வந்த பிராக்கன் ஸ்டீல் என்னும் இணைப்பில் நிறுவனம் முடிவைத் திருத்தியது. உலகம் தன் விதிக்குத் தானே முரணாக நடந்துகொள்வதை எந்தத் தலைமுறை ரசிகரும் பொறுப்பதில்லை.

5

கதையுலகத்தின் வரலாறு மாறும்போது ரசிகர்கள் எப்படித் தீர்ப்பளிக்கிறார்கள் என்பது இலக்கிய வாசகர்களுக்கு நெருக்கமான பகுதி. டாகர்ஃபாலுக்குப் பல முடிவுகள். பேராற்றல் கொண்ட ஒரு பொருளை எந்த அரசிடம் ஒப்படைக்கிறோமோ அதற்கேற்ப முடிவு மாறும். தொடர்ச்சி எழுதும்போது எதை உண்மை என்று கொள்வது? ஒன்றைத் தேர்ந்தால் மற்றவற்றை ஆடியவர்களின் வரலாறு பொய்யாகும். பிற்பாகங்களின் எழுத்தாளர்கள் எல்லா முடிவுகளும் ஒரே சமயத்தில் நிகழ்ந்தன, காலமே முறிந்தது என்று எழுதினர். பாடபேதங்கள் அனைத்தையும் மூலபாடமாகவே அச்சிட்ட பதிப்பாசிரியரை ஒத்த துணிவு இது. பழைய ரசிகர்கள் இம்மாற்றத்தை விரும்பி ஏற்றனர். அவர்களுடைய வாசிப்பு எதுவும் இதில் அழியவில்லை.

இதற்கு மாறானது சிரோடில் என்னும் நாட்டின் கதை. 1998இல் ரெட்கார்டோடு வந்த சிறு கையேடு அதை அடர்ந்த வெப்பக் காடு என்று வருணித்திருந்தது. 2006இல் ஆப்லிவியன் அந்நாட்டைக் காட்டியபோது அங்கே இருந்தது ஐரோப்பியச் சாயல் கொண்ட மிதவெப்ப வனம். எட்டாண்டு காத்திருந்து காட்டைக் காண வந்தவர்கள் ஏமாந்தனர். பிறகு சமாதானங்கள் எழுந்தன. தெய்வமான ஒரு பேரரசன் காட்டை மாற்றினான் என்பது ஒன்று. 2014இல் வெளிவந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் உள்ள ஒரு நூலிலோ, காடு என்பது படியெடுத்தோர் பிழை என்று அவ்வுலகத்து அறிஞர் ஒருவர் ஒதுக்க, இன்னொருவர் மறுத்து வாதிடுகிறார். ரசிகர்களின் சண்டையையே ஏட்டுச் சண்டையாக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். ஆயினும் மனக்குறை முற்றும் ஆறவில்லை. முடிவுகளை ஒன்றாக்கியபோது உலகம் விரிந்தது. காட்டை வனமாக்கியபோது வேறெங்கும் காணாத நாடு எங்கும் காணும் நாடாகச் சுருங்கியது. மாற்றத்தின் அளவை ரசிகர்கள் பொருட்படுத்தவில்லை. அது எத்திசையில் போகிறது என்றே பார்த்தனர்.

6

இந்த ரசிகர்கள் குறை சொல்வதோடு நின்றவர்கள் அல்லர். மாரோவிண்ட் வெளிவருவதற்கு முன்பே, 2001 அளவில், டாம்ரியல் ரீபில்ட் என்னும் தன்னார்வக் குழு தோன்றியது. விளையாட்டில் இடம்பெறாத பெருநிலத்தை இன்றளவும் பகுதி பகுதியாகக் கட்டி வெளியிட்டு வருகிறது. டாகர்ஃபாலை நிறுவனம் 2009இல் இலவசமாக வெளியிட்டது. அதைப் புதிய கருவியில் மறுபடி எழுதும் ரசிகர் முயற்சி 2023 இறுதியில் நிறைவான பதிப்பை எட்டியது. சுவருக்குள் விழுந்த பழைய துன்பம் இனி இல்லை. குறை சொன்ன கையே ஏட்டைச் செப்பனிட்டிருக்கிறது. பழைய ஓலைகளைத் தேடிப் பதிப்பித்தவர்களின் வரலாற்றை அறிந்த நமக்கு இந்த உழைப்பின் இயல்பு விளங்கும்.

2025 ஏப்ரலில் ஆப்லிவியன் புதுக்கிய வடிவில் மீண்டும் வெளிவந்தது. காட்சிகள் புதியவை, நிலை உயரும் முறை திருத்தப்பட்டது, 21 திறன்களும் எட்டுப் பண்புகளும் காக்கப்பட்டன. ஒரு குரல் நடிகை பிழையாகப் பேசி மறுமுறை பேசிய பதிவு அன்று தவறுதலாக விளையாட்டில் சேர்ந்துவிட்டிருந்தது. அதையும் மாற்றாமல் வைத்தார்கள். 2006இல் மரபைக் கெடுத்ததாகப் பழி சுமந்த அதே விளையாட்டு, இம்முறை காக்கப்பட வேண்டிய மரபாக வரவேற்கப்பட்டது. அம்புக்குறி அங்கேதான் இருக்கிறது. ஆப்லிவியனைத் தம் பதின்பருவத்தில் முதல் எல்டர் ஸ்க்ரோல்ஸாக ஆடியவர்களுக்கு இப்போது முப்பதைத் தாண்டிய வயது. அவர்களுக்கு அதுவே முதல்நூல்.

நன்னூலாரின் விதிக்குத் திரும்புவோம். முதல்நூல் எது என்பதில் ரசிகர்கள் ஒருபோதும் ஒருமித்ததில்லை. அவரவர் நுழைந்த வாசலே அவரவர்க்கு முதல்நூல். அவ்வளவில் அவர்கள் தீர்ப்பு ஐயத்துக்குரியது. ஆனால் எந்த வாசல் வழியே வந்தவரும் கேட்பவை சில உண்டு: உலகத்தைக் கூர்ந்து படித்தவனுக்கு அந்த உலகம் பயனளிக்கிறதா, தான் வகுத்த விதியைத் தானே மதிக்கிறதா, நான் வாழ்ந்ததைப் பொய்யாக்காமல் வளர்கிறதா? டாகர்ஃபாலின் ரசிகரும் ஸ்கைரிமின் ரசிகரும் வெவ்வேறு குற்றப்பத்திரிகை வாசித்தாலும் கையொப்பமிடும் இடம் இதுதான். ஆறாம் பாகம் வரப்போகிறது என்று 2018இல் அறிவித்தார்கள். அது வெளிவரும் நாளில் ஸ்கைரிம் ரசிகர்கள் பழையவர்களாகி, முன்பு இப்படி இல்லை என்று சொல்லத் தொடங்குவார்கள். அவர்கள் சொல்லும் வரலாற்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் சுட்டும் இடத்தைத் தவறாமல் போய்ப் பார்க்கவும் வேண்டும்.